கிறிஸ்துமஸ் நாளில் கூடிய அமைச்சரவை



அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றதும் உங்களுக்கு அடிமை ஒழிப்பும் கெட்டிஸ்பர்க் உரையும் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 1861 டிசம்பர் 25 அன்று வாஷிங்டனில் நடந்த ஒரு கூட்டம்.

அந்த ஆண்டு நவம்பர் 8 அன்று, வடக்கின் போர்க்கப்பல் தலைவர் சார்லஸ் வில்க்ஸ், கியூபாவுக்கு அருகே 'ட்ரென்ட்' என்ற பிரிட்டிஷ் தபால் கப்பலை மறித்தார். அதில் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த தென்மாநிலத் தூதர்கள் மேசன், சிலைடல் இருவரையும் பிடித்துவந்தார். வடக்கில் ஒரே கொண்டாட்டம். பிரதிநிதிகள் சபை அவருக்கு நன்றித் தீர்மானமே போட்டது.

பிரிட்டன் கொதித்தது. இருவரையும் விடுவிக்க வேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும் என்று ஏழு நாள் கெடு வைத்தது. கனடாவுக்குப் படை அனுப்பியது. வெடிமருந்துக்குத் தேவையான வெடியுப்பின் ஏற்றுமதியையும் தடுத்தது. அந்த வெடியுப்பு நம் இந்தியாவிலிருந்துதான் லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது!

லிங்கன் ஐரோப்பாவைப் பார்த்ததே இல்லை. ஆனால் பார்த்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தார்: செனட் வெளியுறவுக் குழுத் தலைவர் சார்லஸ் சம்னர். அடிமைமுறையை எதிர்த்துப் பேசியதற்காக 1856இல் செனட் மண்டபத்திலேயே கைத்தடியால் அடிபட்டவர். அமைச்சரும் அல்லாத அவரைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஜான் பிரைட்டும் ரிச்சர்ட் காப்டனும் தமக்கு எழுதிய கடிதங்களை அவர் அங்கே வாசித்தார். இருவரும் வடக்கின் நண்பர்கள். சமாதானமாகப் போங்கள் என்பதே அவர்கள் சொன்னது.

மறுநாளும் விவாதம் நடந்தது. கடைசியில் கைதிகளை விடுவிப்பது என்று முடிவானது. நடுநிலைக் கப்பலில் ஆள் பிடிப்பதை எதிர்த்து 1812இல் போரிட்ட நாடு, அதையே தான் செய்யலாமா என்ற வாதம் கைகொடுத்தது. 1862 ஜனவரி 9 அன்று சம்னர் செனட்டில் எழுந்து, இது தோல்வி அல்ல, நம் பழைய கொள்கைக்குக் கிடைத்த வெற்றி என்று விளக்கினார்.

பிரிட்டனுடனும் போர் மூண்டிருந்தால், தென்துறைமுகங்களை வடக்கு முற்றுகையிட்டது நிலைத்திருக்காது. சுமார் 40 லட்சம் அடிமைகளின் விடுதலை என்னவாகியிருக்கும்?

தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டார் லிங்கன். கேட்ட யோசனை மக்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் ஏற்றார். யோசனை சொன்னவரும் ஒதுங்கிப் போகாமல் சபையில் அதற்காக வாதாடினார். ஆலோசனை என்றால் இந்த மூன்றும் சேர்ந்ததுதான் என்பேன். உங்கள் கருத்தையும் எழுதுங்கள், பிள்ளைகளே.