எழுத்தின் மேல் விழும் ஒட்டு

1858ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒரு ராணுவ அதிகாரி மரக் காமிராவோடு வந்து சேர்ந்தார். பெயர் லினியஸ் டிரைப். சென்னை ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரர். கோயிலின் பல பக்கங்களையும் படமெடுத்த அவரை விமானத்தின் அடித்தளமும் இழுத்தது. அங்கே கல் முழுக்க எழுத்து, அத்தனையையும் ஒரே படத்தில் பிடிக்க எந்த லென்ஸாலும் ஆகாது. காமிராவைச் சுவரோரமாக நகர்த்தி நகர்த்தித் துண்டு துண்டாக எடுத்தார். 21 படங்களைச் சேர்த்து ஒட்டியபோது சுமார் 19 அடி நீளத்தில் ஒரு பட்டை கிடைத்தது. கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு படத்தின் பங்கும் 11 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு.

பேனரமா என்றாலே மலையுச்சியும் நகரக் காட்சியும்தான் நினைவுக்கு வரும். 1787இல் ராபர்ட் பார்க்கர் காப்புரிமை வாங்கிய சுற்றுவட்ட ஓவியத்திலிருந்து அந்த வழக்கம் வருகிறது: நின்ற இடத்திலேயே நின்று, தலையைத் திருப்பிப் பார்ப்பது. டிரைப் தஞ்சையில் இருந்த அதே 1858இல் ஃபெலிசே பியாட்டோ லக்னோ நகரத்தைப் பல படங்களாக எடுத்து இணைத்ததும் அந்த வழியில்தான். டிரைப்பின் காமிராவோ திரும்பவில்லை, நடந்தது. அங்கேதான் சிக்கல். காமிரா ஓரிடத்தில் நின்று திரும்பினால் அருகில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் பார்த்துக்கொள்ளலாம். காமிராவே நகர்ந்துவிட்டால், முன்னால் துருத்திய கல் ஒரு வேகத்திலும் பின்னால் ஒதுங்கிய கல் இன்னொரு வேகத்திலும் நகர்வதுபோலத் தெரியும். பெரிய கோயிலின் அடித்தளமான அதிட்டானம் தட்டையான பலகை இல்லை. உருண்ட குமுதம், பட்டிகை, துருத்தல், ஒடுக்கம் என்று மேடும் பள்ளமுமாகச் சுற்றிவரும். ஒரு வரிசையைச் சரியாகப் பொருத்தினால் அடுத்த வரிசை விலகி நிற்கும்.

வெளிச்சமும் சும்மா இருப்பதில்லை. எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878இல் 13 பெரிய தகடுகளில் எடுத்த சான் பிரான்சிஸ்கோ பேனரமாவில் ஒரு தகட்டின் நிழல்கள் மட்டும் பக்கத்துத் தகடுகளோடு ஒத்துப்போகாது. அது வேறு நேரத்தில் எடுத்தது. நகரக் காட்சியில் இது ரசிகர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் குறை. கல்வெட்டில் அப்படி விட்டுவிட முடியாது. வெட்டிய எழுத்தைக் கண்ணுக்குக் காட்டுவதே பக்கவாட்டில் விழும் நிழல்தான். நிழலின் திசை மாறினால் சுழியும் கொம்பும் வேறு மாதிரி தெரியும்.

டிரைப் திருத்தத் தெரியாதவர் அல்ல. அந்தக் காலத்து ரசாயனப் பூச்சுக்கு நீல நிறம் மட்டும் அளவுக்கு மீறி உறைக்கும். அதனால் வானம் வெறும் வெள்ளையாக வந்து நிற்கும். அவர் நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார், மரங்களின் இலைக்கொத்துகளையும் தொட்டுத் திருத்தினார். வானத்தில் ஒரு மேகம் கூடினால் யாருக்கும் நஷ்டமில்லை. கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழனின் கல்லில் ஒரு எழுத்து கூடினால்?

அந்தக் கல் சொல்வது வெறும் புகழ் இல்லை, சொத்துக் கணக்கு. தான் கொடுத்தவை, தன் அக்கன் குந்தவை கொடுத்தவை, தன் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் விமானத்திலே வெட்டச் சொன்னான் மன்னன். பொன் கழஞ்சிலும் மஞ்சாடியிலும் குன்றியிலும் எடை போட்டு வரும். ஆடவல்லான் என்று பெயரிட்ட எடைக்கல்லால் நிறுத்தது என்ற செய்தி திரும்பத் திரும்ப வரும். ஒட்டு விழும் இடத்தில் இரண்டு எழுத்து மறைந்தால் ஒரு நகையின் எடையே மாறிப்போகும். கல்வெட்டறிஞர் ஹூல்ட்ஷ் 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இவற்றை அச்சேற்றியபோது அதனால்தான் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டியிருந்தது.

கணினி வந்தபின் ஒட்டை மறைப்பது எளிதாகிவிட்டது. பர்ட், அடெல்சன் இருவரும் 1983இல் வெளியிட்ட முறை இன்றும் பல மென்பொருள்களின் அடியில் ஓடுகிறது: வெளிச்ச வேறுபாட்டை அகலமான பரப்பில் மெல்லக் கலக்கும், நுண்ணிய கோடுகளைக் குறுகிய இடத்தில் சட்டென்று மாற்றும். 2003இல் பிரவுனும் லோவும் கொண்டுவந்த முறை, எந்தப் படம் எதோடு சேரும் என்பதையும் ஆள் உதவி இல்லாமலே கண்டுபிடித்தது. இரண்டுமே அருமையான வேலை. ஆனால் கண்ணுக்கு உறுத்தாத படம் தருவதே இவற்றின் இலக்கு. பொருந்தாத இடத்தில் மென்பொருள் ஒரு பக்கத்தைத் தேர்ந்து இன்னொன்றை வெட்டிவிடும். ஒரே வாசகம் பத்து இடத்தில் வரும் கல்லில், ஒன்றை மற்றொன்று என்று நினைத்துப் பொருத்தவும் இடமுண்டு. ஒட்டு தெரியாத கல்வெட்டுப் படம்தான் அதிகம் பயப்பட வேண்டிய படம். எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பதையே அது மறைத்துவிடுகிறது.

மைப்படி எடுப்பவர்களுக்கு ஒட்டைச் சந்தேகிப்பது பழைய பாடம். தாளை நனைத்துக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றி எடுக்கும்போது ஒரு தாள் போதாத நீளக் கல்வெட்டு வரும். அப்போது அடுத்த தாளை முந்தைய தாளின் கடைசி எழுத்துகளையும் சேர்த்துப் போடுவார்கள். அந்த எழுத்துகள் இரண்டு தாளிலும் இருக்கும். ஒன்றில் மங்கினால் மற்றதில் தேடலாம்.

மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமிலும் இந்தப் பாடத்துக்கு வேலை இருக்கிறது. புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் செரோக் தோக்குன் என்ற கல்வெட்டுப் பாறை கிடக்கிறது. ஜூலைத் திருவிழாவுக்கு வரும் ஆயிரக்கணக்கான தமிழர்களில் எத்தனை பேர் அதன் முன் நின்று பார்க்கிறார்கள்? பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஜேம்ஸ் லோ 1845இல் அதைக் கண்டார். தென்னிந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்த எழுத்து வகை, காலம் ஏறத்தாழ ஐந்து, ஆறாம் நூற்றாண்டு. லோ கையால் எடுத்த படிகளைத்தான் கல்கத்தா அறிஞர்கள் வைத்துப் படித்தார்கள். பாறை வளைந்தது, எழுத்து ஆழமில்லாதது, மழையிலும் வெயிலிலும் தேய்ந்தது. கைப்பேசியை இடமிருந்து வலமாக ஓட்டி எடுத்தால் அழகான பேனரமா வரும், ஆனால் அதில் எழுத்தின் கால்கள் உடைந்திருக்கும்.

அங்கே செய்ய வேண்டியது தஞ்சையில் டிரைப் செய்ததற்கு நெருக்கமானது. காமிராவைக் கல்லுக்கு நேராக வைத்து, வளைவுக்கு ஏற்ப ஒவ்வோர் அடியிலும் திருப்பி, அதே தூரத்தில் நகர்த்த வேண்டும். வெளிச்ச அளவையும் நிறச் சமநிலையையும் பூட்டிவிட வேண்டும். பக்கவாட்டு விளக்கு எல்லாத் துண்டுக்கும் ஒரே பக்கத்திலிருந்து விழ வேண்டும். படத்துக்குப் படம் பாதியளவு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் நல்லது. இணைக்கும்போது வெட்டுக்கோட்டை மென்பொருளிடம் விடாமல், எழுத்துக்கும் எழுத்துக்கும் இடைப்பட்ட வெறுங்கல்லில் கையால் வரைய வேண்டும். இணைத்த படத்தோடு தனித்தனிப் படங்களையும் எண்ணிட்டு, வெட்டுக்கோடு எங்கே போகிறது என்று காட்டும் ஒரு பிரதியையும் சேர்த்து வைத்தால், நாளை வேறொருவர் அந்தக் கோட்டின் இருபுறமும் பார்த்து மீண்டும் படிக்க முடியும்.