தலையைத் திருப்பினா ஆழம் காணோம்!

கட்டைவிரலை மூக்குக்கு நேரா நீட்டிப் பிடிச்சு, ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க. விரல் இடமும் வலமுமா தாவும். (ஆபீஸ்ல வேணாம், பக்கத்து சீட்டுக்காரர் தப்பா நினைப்பார் :-)) கண்களுக்கு நடுவே இருக்கிற சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி செய்ற வேலை இது. இதை வச்சுத்தான் மூளை பக்கத்துல இருக்கறதோட தூரத்தைக் கணிக்குது. 1838-ல சார்லஸ் வீட்ஸ்டன் லண்டன் ராயல் சொசைட்டியில இதை விளக்கினப்போ புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்படவே இல்லை. கையால வரைஞ்ச கோட்டுப் படங்களை ரெண்டு கண்ணாடி வச்சுக் காட்டினார் மனுஷன்.

பனோரமா அதுக்கும் முந்தியது. ராபர்ட் பார்க்கர்னு ஒரு ஓவியர் 1787-ல காப்புரிமை வாங்கி, 1793-ல லண்டன் லெஸ்டர் சதுக்கத்துல இதுக்குன்னே வட்டக் கட்டடம் திறந்தார். நடுவுல நின்னு சுத்திச் சுத்திப் பார்க்க வேண்டியதுதான்.

ரெண்டையும் சேர்த்தா என்ன? 1880-கள்ல ஜெர்மனியில ஃபூர்மன் நடத்தின கைசர் பனோரமாவில பெரிய பீப்பாயைச் சுத்தி 25 பேர் உட்கார்ந்து முப்பரிமாணப் படம் பார்த்தாங்க. ஆனா பேர்தான் பனோரமா. உள்ளே சாதாரண ஜோடிப் படங்கள்தான்!

1995-ல ஷென்சாங் எரிக் சென் ஆப்பிளோட குயிக்டைம் விஆர் பத்தி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். மவுஸால இழுத்தா காட்சி சுழலும். ஆனா ஒத்தைக் கண் பார்வை, ஆழம் கிடையாது.

‘ரெண்டு கேமராவைப் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஆளுக்கொரு பனோரமா எடுத்தா போச்சு’ன்னு தோணும். அங்கேதான் சிக்கலே. நேரா பார்க்கும்போது ஆழம் சரியா வரும். 90 டிகிரி திரும்பினா ஒரு கேமரா மற்றதுக்குப் பின்னால போயிடும், ஆழம் காணோம். 180 டிகிரி திரும்பினா இடம் வலம் மாறி, கிட்ட இருக்கறது தூரமாத் தெரியும். தலைவலிதான் மிச்சம்.

நம்ம தலை திரும்பும்போது கண்ணும் கூடவே வட்டமடிக்குதில்லையா? அதையே கேமராவும் செய்யணும். ரோபோவுக்காக இஷிகுரோவும் கூட்டாளிகளும் 1992-ல எழுதின கட்டுரையிலயே இந்த யோசனை இருக்கு. 1999-ல ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்து பெலெக், பென்-எஸ்ரா ரெண்டு பேரும் ஒரே கேமரா போதும்னு காட்டினாங்க. அச்சிலிருந்து கொஞ்சம் தள்ளி, வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி கேமராவை வச்சுச் சுத்தணும். ஒவ்வொரு படத்திலயும் வலப்பக்கக் கீற்றை வெட்டி ஒட்டினா இடது கண்ணுக்கான பனோரமா. இடப்பக்கக் கீற்றுகள் வலது கண்ணுக்கு. தலைகீழா இருக்கேன்னு நானும் காகிதத்துல வரைஞ்சு பார்த்தேன், சரிதான்.

குறையும் உண்டு. அண்ணாந்து பார்த்தா ஆழம் போயிடும். கேமரா சுத்தி முடிக்கிறதுக்குள்ள யாராவது நடந்தா, ஒரு கண்ணுக்கு ஒரு இடத்துலயும் மறு கண்ணுக்கு வேற இடத்துலயும் தெரிவார். ஊர்த் திருவிழாவை இப்படி எடுக்க ஆசைப்படாதீங்க.

2006-ல சாரா கெண்டர்டைனும் ஜெஃப்ரி ஷாவும் ஹம்பி இடிபாடுகளை முப்பரிமாணப் பனோரமாக்களா ஒரு பெரிய வட்டத் திரையில சுழல விட்டாங்க. 2015-ல கூகுளோட கார்ட்போர்டு கேமரா செயலி வந்தப்போ, கையில இருந்த போனைச் சுத்தினாலே போதும்னு ஆச்சு.

இதுல என் வயித்தெரிச்சல் வேற. வீட்ஸ்டன் காலத்துக் கோட்டுப் படங்களை இன்னிக்கும் கண்ணை ஒருமாதிரி வச்சுப் பார்த்துடலாம். குயிக்டைம் விஆர் கோப்புகளைத் திறந்த குயிக்டைம் 7, மேக்ல 2019-ல வந்த கேட்டலினாவோட ஓடறதை நிறுத்திடுச்சு. ஒட்டின நீளப் படம் ரெண்டையும் தனியா ஜேபெக்கா சேமிச்சவங்க மட்டும் தப்பிச்சாங்க. உங்க பழைய சிடியில ஏதாவது இருந்தா, முதல்ல அதை நகலெடுங்க.