இதயநோய் நிபுணர்களும் சமூக ஊடகமும்

இதயநோய் நிபுணர்கள் சிக்கலான நோய்நிலைகளைச் சக மருத்துவர்களுடன் கலந்தாயவும், புதிய ஆய்வு முடிவுகளை அலசவும், பொதுமக்களுக்கு நலக்கல்வி தரவும் சமூக ஊடகங்களைப் பயன்படுத்துகின்றனர். 2023இல் எக்ஸ் எனப் பெயர் மாறிய ட்விட்டரே இதற்கு நெடுங்காலம் முதன்மைக் களமாக இருந்தது. இசிஜி, எக்கோ, ஆஞ்சியோகிராம் என இத்துறையின் சான்றுகள் பெரும்பாலும் படங்களாகவோ காணொளிகளாகவோ இருப்பதால் கைப்பேசித் திரையில் அவற்றைப் பகிர்வது எளிது.

பின்னணி

பிறர் செய்வதைக் கண்ணால் கண்டு கற்பது இத்துறையின் பழைய மரபு. ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் முதல் இதயத் தமனி பலூன் சிகிச்சையைச் செய்தார். அடுத்த ஆண்டு முதல், தாம் சிகிச்சை செய்வதை அங்கு வந்து கூடிய மருத்துவர்களுக்குத் தொலைக்காட்சித் திரையில் நேரலையாகக் காட்டிக் கற்பித்தார். சமூக ஊடகம் அந்த வகுப்பறையின் சுவர்களை அகற்றியது. எக்கோ படங்களுக்கு ‘எக்கோஃபர்ஸ்ட்’, இதயத் துடிப்புக் கோளாறுகளுக்கு ‘இபீப்ஸ்’ எனத் தனித்தனி ஹேஷ்டேக்குகள் உருவாகின.

மணிக்கட்டு வழிச் சிகிச்சை

சமூக ஊடகத்தில் வலுவாகப் பரப்பப்பட்ட நுட்பங்களுள் ஒன்று, தொடைத் தமனிக்கு மாற்றாக மணிக்கட்டுத் தமனி வழியே குழாயைச் செலுத்துவது. 1989இல் லூசியன் காம்போ இவ்வழியில் ஆஞ்சியோகிராம் செய்ததைப் பதிவுசெய்தார். 1992இல் ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினாண்ட் கீமெனே இவ்வழியே சிகிச்சையையும் தொடங்கினார். திடீர் இதயத் தமனி நோயால் பாதிக்கப்பட்ட 8,404 பேரிடம் நடந்து 2015இல் வெளியான மேட்ரிக்ஸ் ஆய்வு, இம்முறையில் இரத்தக்கசிவு குறைவதைக் காட்டியது. ஆயினும் பழகிய கை எளிதில் மாறுவதில்லை. ‘ரேடியல்ஃபர்ஸ்ட்’ என்ற ஹேஷ்டேக்கின் கீழ் வல்லுநர்கள் தம் உத்திகளையும் சறுக்கல்களையும் பகிர்ந்து, புதிதாகக் கற்போருக்குத் துணை நின்றனர். கட்டைவிரலின் அடிப்பகுதியில், புறங்கைப் பக்கம் உள்ள குழிவில் தமனியைத் துளைக்கும் முறையைப் பற்றிக் கீமெனே 2017இல் எழுதியபோது, அதுவும் சமூக ஊடக வழியே விரைந்து பரவியது.

ஆய்வு விவாதங்கள்

நிலையான நெஞ்சுவலி உள்ள 200 பேரிடம் ஸ்டென்ட் சிகிச்சையைப் போலிச் சிகிச்சையுடன் ஒப்பிட்ட ஆர்பிட்டா ஆய்வு, 2017 நவம்பரில் வெளியானது. உடற்பயிற்சி நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்ற அதன் முடிவு அன்றே இணையத்தில் கடும் வாதத்தை எழுப்பியது. இதழ்களுக்குக் கடிதம் எழுதி மாதக்கணக்கில் நடக்கும் மறுப்பும் விளக்கமும் சில மணி நேரத்தில் நடந்தேறின.

இதழ்க் கட்டுரைகளைச் சமூக ஊடகத்தில் பரப்புவதன் பயன் குறித்துக் கலவையான சான்றுகளே உள்ளன. ‘சர்க்குலேஷன்’ இதழ் தன் 243 கட்டுரைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துச் சோதித்தது. பரப்பப்பட்டவற்றுக்கும் ஏனையவற்றுக்கும் 30 நாள் வாசிப்பில் வேறுபாடு இல்லை. மாறாக, ஐரோப்பிய இதயவியல் கழக இதழ்களின் 694 கட்டுரைகளைக் கொண்ட ஆய்வில், ட்விட்டரில் பரப்பப்பட்டவை சுமார் 12% கூடுதலாக மேற்கோள் காட்டப்பட்டன.

இடர்களும் நெறிகளும்

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் பற்றிய தவறான செய்திகளும் இதே தளங்களில்தான் பரவுகின்றன. அவற்றை நம்பி மருந்தை நிறுத்தும் நோயாளிக்கு மாரடைப்பு ஆபத்து கூடுவதால், மறுத்து விளக்குவதும் மருத்துவரின் கடமையாகிறது. வெற்றிகரமான சிகிச்சைகளே மிகுதியாகப் பகிரப்படுவதும், கருவி நிறுவனங்களுடனான பணத்தொடர்பு மறைக்கப்படுவதும் பார்ப்பவரைத் தவறான முடிவுக்குக் கொண்டு செல்லும்.

இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட நடத்தை விதிகள், விலை கொடுத்துப் பின்தொடர்வோரைச் சேர்ப்பதையும் நோயாளிகளின் பாராட்டுரைகளைப் பகிர்வதையும் விலக்கின. அதே மாதத்தில் அவ்விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. விதி எதுவாயினும் நோயாளியின் ஒப்புதலே முதன்மையானது. படத்தில் பெயரை மறைப்பது மட்டும் போதாது. அரிய நோய், தேதி, ஊர் ஆகிய மூன்றும் சேர்ந்தாலே ஒருவரை அடையாளம் காட்டிவிடக்கூடும். திரையில் பாடமாக ஓடும் ஆஞ்சியோகிராம், நம்பி வந்து மேசையில் படுத்த ஒருவருடையது.