ஆமென்: பதிலாகப் பிறந்த சொல்

நீதிமன்ற உத்தரவோடு கடன்பட்டவர் வீட்டு வாசலில் வந்து நிற்பவரைத் தமிழ்நாட்டில் ‘கோர்ட் அமீனா’ என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே வீடு கலங்கும். ஆனால் அரபு மொழியில் ‘அமீன்’ என்றால் நம்பத்தக்கவர். நம்பி ஒப்படைத்த பொருள் ‘அமானத்து’, இறைநம்பிக்கை ‘ஈமான்’. பள்ளிவாசலில் துஆவின் முடிவில் எழும் ‘ஆமீன்’ இவற்றோடு இனம் சேர்ந்தது. எபிரேயத்தில் அதே வேர் தந்த சொல்தான் மாதா கோவிலிலும் சி.எஸ்.ஐ. ஆலயத்திலும் ஒலிக்கும் ‘ஆமென்’.

வேர் அ-ம-ன். உறுதியாக இருத்தல், தாங்குதல், நம்பத்தக்கதாதல் என்று அதன் பொருள் விரியும். குழந்தையைத் தாங்கி வளர்க்கும் செவிலிக்கு எபிரேயத்தில் ‘ஓமெனெத்’ என்று பெயர். இதே வேரிலிருந்து வந்த ‘எமூனா’வைப் பிற்காலத்தில் விசுவாசம் என்றும் உண்மையுடைமை என்றும் மொழிபெயர்த்தார்கள். விவிலியத்தில் அது முதன்முதலாக வரும் இடம் யாத்திராகமம் 17ஆம் அதிகாரம். அமலேக்கியரோடு போர் நடக்கிறது. மேலே ஏந்திய மோசேயின் கைகள் சோர்ந்துபோகின்றன. அவரைக் கல்லின்மேல் உட்காரவைத்து, ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று கைகளைத் தாங்குகிறார்கள். சூரியன் மறையும்வரை அந்தக் கைகள் ‘எமூனா’வாக இருந்தன என்கிறது மூலம். விசுவாசத்தை உள்ளத்துக்குள் நடக்கும் காரியமாக மட்டும் எண்ணுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். இங்கே அது கைகளைப் பற்றிய சொல், பிறர் தாங்கியதால் நிலைத்த கைகளைப் பற்றிய சொல்.

ஆபிரகாமின் கதையிலும் இந்த வேர் இருக்கிறது. கடவுள் அழைத்தபோது அவருக்கு வயது 75. போய்ச் சேரும் இடம் இன்னதென்று தெரியாமலே ஆரானை விட்டுப் புறப்பட்டார். ‘அவர் நம்பினார்’ என்ற வினையோ மூன்று அதிகாரங்கள் கழித்துத்தான், ஆதியாகமம் 15இல், அவரைப்பற்றி எழுதப்படுகிறது. நடை முந்தியது, சொல் பிந்தியது.

பழைய ஏற்பாட்டில் ஆமென் பெரும்பாலும் பதிலாகவே வரும். ஒருவர் சொல்வார், மற்றவர் அதைத் தம் தலைமேல் ஏற்பார். உபாகமம் 27இல் லேவியர்கள் உரத்த குரலில் சாபங்களை வாசிக்கிறார்கள். எல்லைக் கல்லை நகர்த்துகிறவன், பார்வையற்றவரை வழிதப்பச் செய்கிறவன், அந்நியருக்கும் அநாதைக்கும் விதவைக்கும் நியாயத்தைப் புரட்டுகிறவன் என்று வரிசை நீள்கிறது. ஒவ்வொன்றுக்கும் மக்கள் ஆமென் சொல்ல வேண்டும்; மொத்தம் 12 முறை. இவற்றில் பல, யாரும் பார்க்காதபோது செய்யக்கூடியவை. ஊரறிய ஆமென் சொன்னவர் அவற்றை மறைவிலும் செய்வதில்லை என்று கையெழுத்திட்டதாகவே பொருள்.

யூத ரபிகள் இந்தச் சொல்லை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அலெக்சாந்திரியாவின் பெரிய தொழுகைக்கூடத்தில் முன்னால் சொல்வது பின்னால் கேட்காதாம். ஆமென் சொல்லும் நேரத்தைக் காட்ட ஒருவர் துணியை வீசிக் காட்டுவாராம். ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூது சொல்லும் செய்தி இது. அவசரமாகப் பறித்த ஆமென், கடைசி எழுத்து அறுந்த ஆமென், எதற்கென்று அறியாமல் சொன்ன ‘அநாதை ஆமென்’ ஆகிய மூன்றும் கூடாது என்று சொல்வதும் தல்மூதுதான்.

எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ஆமெனுக்குப் பெரும்பாலும் ‘கெனொய்தோ’, அதாவது ‘ஆகட்டும்’ என்று எழுதினார்கள். லூக்கா நற்செய்தியில் நாசரேத்து மரியாள் வானதூதருக்குச் சொல்லும் சம்மதத்திலும் இதே கிரேக்கச் சொல் இருக்கிறது. அந்தச் சம்மதம் அவரைப் பெத்லகேமின் மாட்டுத்தொழுவத்துக்கும், எகிப்துக்கும், கடைசியில் கல்வாரிக்கும் கூட்டிச் சென்றது.

இயேசு இந்தச் சொல்லை இடம் மாற்றினார். பிறர் பேச்சுக்குப் பின்னால் வந்ததைத் தம் பேச்சுக்கு முன்னால் வைத்தார். யோவான் நற்செய்தியில் அது 25 இடங்களில் இரட்டையாக வருகிறது. பழைய தமிழ் வேதாகமம் அங்கே ‘மெய்யாகவே’ என்று பெயர்த்தது. 1995இன் பொது மொழிபெயர்ப்பு ‘உறுதியாக’ என்றது. வேருக்கு நெருக்கம் பின்னதுதான். வெளிப்படுத்தல் நூலின் 3ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போய், கிறிஸ்துவின் பெயரே ஆமென் என்கிறது.

தொடக்கத் திருச்சபையில் ஆமென் மக்களுடைய சொல். நற்கருணை மன்றாட்டின் முடிவில் மக்கள் அனைவரும் ஆமென் சொல்லி இசைவு தருவதைத் திருச்சபைத் தந்தையருள் ஒருவரான ஜஸ்டின் 2ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிவைத்தார். ரோம் ஆலயங்களில் அது இடிபோல முழங்கியதாக ஜெரோம் குறித்தார். அகுஸ்தீன் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களிடம், நீங்கள் கிறிஸ்துவின் உடலாகவே வாழ்ந்தால்தான் அந்த உடலுக்குச் சொல்லும் ஆமென் உண்மையாகும் என்ற கருத்தில் பேசினார். பிற்காலத்து லத்தீன் முறையில் நற்கருணை தரும் குருவே நீண்ட மன்றாட்டைச் சொல்லி, ஆமெனையும் தாமே சொல்லி முடித்தார். வாங்குபவர் வாய் திறந்து பதில் சொல்லும் வழக்கத்தை வத்திக்கான் மீட்டுத் தந்தது 1964இல்தான்.

தமிழுக்கு வந்தபோதும் சொல் பெயர்க்கப்படாமல் அப்படியே நின்றது. பழைய கத்தோலிக்க வீடுகளில் செபங்கள் ‘ஆமென் சேசு’ என்று முடியும். ‘ஆம்’, ‘என்’ என்று பிரித்துப் பொருள் காண்பது காதுக்கு இனிமை. ஆனால் அது ஒலி ஒற்றுமை மட்டுமே. வருத்தம் தருவது வேறொன்று. செபம் முடிந்ததற்கு அடையாளம் என்ற அளவுக்கு இந்தச் சொல் இன்று சுருங்கிவிட்டது. போதகரின் குரல் தாழ்ந்ததும் காது கேட்குமுன் வாய் சொல்லிவிடுகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டின் கடைசி வாக்கியத்தை முழுதாகக் கேளுங்கள். திங்கட்கிழமை அது உங்களிடம் எதைக் கேட்கும் என்று எண்ணிப் பார்த்து, அதற்குப் பிறகு ஆமென் சொல்லுங்கள்.