முரியாத யாழ்

மண்டபத்தூரிலிருந்து தருமபுரம் அதிக தூரமில்லை. இரண்டும் காரைக்கால் பகுதிதான். தருமபுரத்துச் சிவனுக்குப் பெயர் யாழ்முரிநாதர். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடப்பாட யாழில் வாசித்து வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணரால் இங்கே பாடிய பதிகத்தை மட்டும் வாசிக்க முடியவில்லை. யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, இயன்ற அளவு வாசிக்கும்படி சொன்னார். சேக்கிழார் கதையில் யாழ் முரியவே இல்லை. பெயரில்தான் முரிந்தது, பிற்பாடு வழக்கிலிருந்தும் போயிற்று.

பக்தர்களுக்கு இது அற்புதம். எனக்கு இது ஒரு வாத்தியத்தின் எல்லை குறித்த தகவலாகப் படுகிறது. யாழில் ஸ்வரத்துக்கு ஒரு நரம்பு. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து போகும் குரலை அது எவ்வளவு தூரம் தொடரும்?

ஆயிரம் வருஷங்களுக்கு மேல் கழித்து, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) மணலியில் இருந்த நாட்களில் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்றார். அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்த முன்னோடி அவர். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834ல் சுவாதித் திருநாள் தந்தப் பிடில் பரிசளித்தார். அந்நிய வாத்தியம் அதற்குள் அரசவை மரியாதை பெற்றுவிட்டது.

காரணம் வாத்தியத்திலேயே இருக்கிறது. பிடிலில் மெட்டுகள் கிடையாது. விரல் வழுக்கலாம், கமகம் பிடிக்கலாம். நாமும் அதை மாற்றினோம். சம்மணமிட்டு, பிடிலின் தலையைக் கணுக்காலில் ஊன்றியதும், தாங்கும் வேலையிலிருந்து இடது கை விடுபட்டது. தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று சுருதி கூட்டினோம்.

ஆனால் கருவியின் எல்லையே கடைசி வார்த்தை என்றும் சொல்வதற்கில்லை. டெட்ராய்ட்டில் பிறந்த கறுப்பினப் பெண் டோரதி ஆஷ்பி (1932–1986), யாழின் மேனாட்டு உறவான ஹார்ப்பை ஜாஸுக்குள் கொண்டுவந்தார்; முதல் இசைத்தட்டு 1957ல். ஹார்ப்பில் அரை ஸ்வரம் வேண்டுமானால் ஏழு மிதிகளைக் காலால் மாற்றியாக வேண்டும். ஜாஸோ நினைத்த கணத்தில் திசை மாறுவது. அந்த நெருக்கடிக்குள் அவர் வாசித்தார். தருமபுரத்தில் சம்பந்தர் சொன்னதும் அதைத்தானே?

புதுக்கவிதையை இறக்குமதிச் சரக்கு என்று ஏசியவர்கள் கச்சேரியில் பிடிலைக் கேட்டுத் தலையாட்டியவர்கள்தான். அவர்களுக்குப் பதில் சொல்வது சுலபம். நமக்கு நாமே கேட்டுக்கொள்வதுதான் கடினம். பாலுசுவாமிக்குப் பிறகு பிடில் உட்காரும் விதமே மாறியது. நாம் வாங்கிய வடிவத்தைத் தமிழின் குரலுக்காக எவ்வளவு மாற்றியிருக்கிறோம்? இன்னும் பலர் அதை மோவாயின் கீழ் வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறார்கள் என்று தோன்றுகிறது; என்னையும் சேர்த்துத்தான்.