ஆறு கொல்லவில்லை: தாமிரபரணி, 1999 ஜூலை 23

ஜூலை மாதம் நெருங்கினால், ஆர்.ஆர். சீனிவாசன் இயக்கிய 'நதியின் மரணம்' ஆவணப்படத்தைக் கல்லூரி மாணவர்களோடு உட்கார்ந்து பார்ப்பது எங்கள் வழக்கம். இந்த முறை படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. முதலாமாண்டு மாணவி ஒருவர்தான் முதலில் கேட்டார்: "நீச்சல் தெரியாதவங்க ஏன்க்கா ஆத்துக்குள்ள எறங்குனாவ?"

அந்தப் பெண் திருநெல்வேலிக்காரர். தினமும் அந்தப் பாலத்தைக் கடந்துதான் கல்லூரிக்குப் போகிறார். அவருக்கே இந்த வரலாறு தெரியவில்லை என்றால் தவறு அவருடையது அல்ல. பாடப்புத்தகத்தில் இது இல்லை. வீட்டிலும் பேசுவதில்லை. எனவே அந்தக் கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்ல முயல்கிறோம்.

பதில் மலையில் தொடங்குகிறது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,000 ஏக்கருக்கும் அதிகமான காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனிடம் கொடுத்தது. அந்தக் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டவர்களும், பிறகு தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களும் பெரும்பாலும் தலித் மக்கள். குடியிருந்த லயன் வீடுகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. வேலை போனால் வீடும் போகும். அப்படிப்பட்ட இடத்தில் கூலி உயர்வு கேட்பது என்றால் குடும்பத்தோடு தெருவுக்கு வரத் துணிவது.

அந்தத் துணிவோடுதான் மாஞ்சோலைத் தொழிலாளர்கள் 1999இல் போராடினார்கள். 652 பேர் கைதாகிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களை விடுதலை செய், கூலிப் பிரச்சினையைத் தீர்த்து வை என்ற கோரிக்கைகளோடு ஜூலை 23 அன்று புதிய தமிழகம் தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமியும் தோழமைக் கட்சியினரும் முன்செல்ல, ஆயிரக்கணக்கானோர் ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாக வந்தார்கள். மனுக் கொடுக்க வந்த கூட்டம் அது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்களும் வந்திருந்தார்கள்.

கொக்கிரகுளத்துக்குப் போய் நின்று பாருங்கள், மாணவியின் கேள்விக்கு அந்த இடமே பதில் சொல்லும். ஆட்சியர் அலுவலகம் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஊர்வலம் தடுக்கப்பட்டது. தடியடி தொடங்கியது. சாலையில் லத்தி, பின்னால் நெருக்கும் கூட்டம். ஓடுவதற்குத் திறந்திருந்த பக்கம் ஆறுதான். உள்ளே இறங்கியவர்கள் கரையேறவும் வழி விடப்படவில்லை. 17 பேர் பிணமாக மீட்கப்பட்டார்கள். பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அதில் அடக்கம்.

அன்றைய திமுக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். மோகன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. ஆணையத்தின் அறிக்கை காவல் துறையின் நடவடிக்கையை நியாயப்படுத்தியது. பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்பதே அரசுத் தரப்பு விளக்கமாக நிலைத்தது.

'மூழ்கி இறந்தார்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த வாக்கியத்தில் ஆறு இருக்கிறது, இறந்தவர்கள் இருக்கிறார்கள், விரட்டியவர்கள் இல்லை. நீச்சல் தெரியாததே குற்றம் என்று ஆகிவிடுகிறது. ஆவணப்படம் அந்த இடத்தில்தான் குறுக்கே நிற்கிறது. லத்தி யார் கையில் இருந்தது, யார் எந்தத் திசையில் ஓடினார்கள் என்பதைக் காட்சிகளாக நம் முன் வைக்கிறது. அறிக்கை விட்டுவிட்ட எழுவாயைப் படம் திருப்பித் தருகிறது.

இது நெல்லையில் மட்டும் நடந்ததல்ல. 1961 அக்டோபர் 17 அன்று பாரிஸ் நகரில் அல்ஜீரியத் தொழிலாளர்கள் ஊர்வலம் போனார்கள். காவலர்கள் அவர்களை அடித்தார்கள், பலரை சேன் ஆற்றில் தள்ளினார்கள். அதைப் பற்றி ஜாக் பானிஜெல் எடுத்த ஆவணப்படத்தை அரசு முடக்கியது. ஆனாலும் பேசியவர்கள் ஓயவில்லை. 2001இல் ஆற்றுப் பாலத்தருகே நினைவுப் பலகை வந்தது. 2012இல் பிரெஞ்சு அதிபர் அந்த ஒடுக்குமுறையை ஒப்புக்கொண்டார். ஐம்பது ஆண்டுகள் ஆயின. நினைவில் வைத்திருந்தவர்கள் இருந்ததால்தான் அது நடந்தது.

நமக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024இல், நிறுவனம் விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களிடம் கையெழுத்து வாங்கியது. தோட்டத்தை அரசே ஏற்று நடத்த வேண்டும் என்ற வழக்குகளை அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மலையில் ஒன்றாக வாழ்ந்தவர்கள் இன்று ஊர் ஊராகச் சிதறிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சிதறினால் 1999இன் நினைவும் சிதறும்.

அதனால் ஒவ்வொரு ஜூலை 23 அன்றும் ஆற்றில் பூத்தூவிவிட்டுக் கலைந்து போவது போதாது, தோழர்களே. உங்கள் ஊருக்கு இறங்கி வந்திருக்கும் மாஞ்சோலைக் குடும்பங்களைத் தேடிப் போங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் பதிவு செய்யுங்கள். அழவைக்கும் கேள்விகளைக் கேட்காதீர்கள். அன்று எந்தப் பக்கம் நின்றீர்கள், எப்படித் தப்பினீர்கள், பிறகு எப்படிப் பிழைத்தீர்கள் என்று கேளுங்கள்.

மாஞ்சோலைச் சரிவில் இறங்கும் தண்ணீர்தான் மணிமுத்தாறாகித் தாமிரபரணியில் கலந்து கொக்கிரகுளத்துக்கு வருகிறது. அந்த மக்களும் அதே வழியில்தான் நியாயம் கேட்டு இறங்கி வந்தார்கள். அந்த மாணவிக்கு எங்கள் பதில் இதுதான்: அவர்கள் ஆற்றில் இறங்கவில்லை தங்கச்சி, இறக்கப்பட்டார்கள்.