மரப்பிள்ளையின் குரல்

பொம்மலாட்டம் என்றால் குழந்தைகள் சமாசாரம் என்று ஒதுக்கிவிடுவது பெரியவர்களின் வழக்கம். ராஜாங்கங்களும் அப்படி நினைத்து ஏமாந்ததுண்டு. செக் நாட்டுச் சரித்திரத்தில் இந்த ஏமாற்றத்துக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கலாம். ஊர்ப் பெரியவர்கள் வாய் திறக்க அஞ்சிய காலத்தில் அங்கே ஒரு மரப்பிள்ளை மேடையேறிக் கேள்வி கேட்டது. அதற்குக் குரல் கொடுத்தவர் ஒரே ஒரு மனிதர். அவரைப் பற்றியும் அவருடைய பிள்ளையைப் பற்றியும் எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

கதையைச் சற்றுப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். 1620-ல் பிராகு நகருக்கு வெளியே வெள்ளை மலைப் போரில் செக் பிரபுக்கள் தோற்றார்கள். அதன் பிறகு ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் பிடி இறுகியது. கச்சேரியிலும் கல்விச்சாலையிலும் ஜெர்மன் பாஷை செல்வாக்குப் பெற, செக் பாஷை பெரும்பாலும் குடியானவர் வீட்டுப் பேச்சாகச் சுருங்கிற்று. அந்த நாட்களில் கிராமம் கிராமமாகப் போய் மக்கள் பாஷையில் நாடகம் போட்டவர்கள் பொம்மலாட்டக்காரர்கள். பொம்மைகளை வண்டியில் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு அலைந்த ஏழைகள். அவர்களில் பெரும் பெயர் பெற்றவர் மத்தேய் கொபெட்ஸ்கி (1775-1847). ராஜா, ராணி, சேவகன், சாத்தான் ஆகிய அத்தனை பேருக்கும் பேசியது திரைக்குப் பின்னால் நின்ற ஒரே தொண்டைதான்.

இந்த நாடகங்களில் தவறாமல் ஒரு கோமாளி வருவான். அவன் பெயர் காஷ்பாரெக். டாக்டர் பௌஸ்ட் மகா பண்டிதர். ஆனாலும் சாத்தானிடம் ஆத்மாவை அடகு வைத்து அழிகிறார். காஷ்பாரெக்குக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் இரண்டே மந்திரச் சொற்களை வைத்துக்கொண்டு பேய்களை வா என்றும் போ என்றும் படாதபாடு படுத்திவிட்டு, தான் மட்டும் தப்பித்துக்கொள்கிறான். அதிகாரத்தைக் கண்டு பயப்படத் தெரியாத அவனை ஏழை ஜனங்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே பாவித்தார்கள்.

யோசெப் ஸ்கூபா 1892-ல் ஸ்ட்ராகொனித்ஸே என்ற ஊரில் பிறந்தவர். உத்தியோகம், சித்திர வாத்தியார். முதல் உலக யுத்தத்தின்போது பில்சன் நகரத்துக்கு வந்து சேர்ந்தார். ஆஸ்திரிய ராணுவத்துக்குப் பீரங்கி வார்த்த ஷ்கோடா ஆலை அங்கேதான் இருந்தது. 1917-ல் நகருக்கு அருகே அதன் வெடிமருந்துச் சாலை வெடித்து இருநூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1918 ஜூனில் ரொட்டிக்காக நடந்த கலவரத்தில் சிப்பாய்கள் சுட்டதில் குழந்தைகளே செத்து விழுந்தார்கள். ஏழைக் குழந்தைகளைக் கோடை விடுமுறையில் நாட்டுப்புறத்துக்கு அனுப்பும் ஒரு தர்ம ஸ்தாபனம் அதே ஊரில் பொம்மை அரங்கு ஒன்றை நடத்தி வந்தது. ஸ்கூபா அதில் சேர்ந்து காஷ்பாரெக்கைக் கையிலெடுத்தார். 1918-ல் அந்தக் கோமாளி மேடையில் ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தை அடக்கம் செய்தான். சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்டோபர் 28-ந் தேதி செக்கோஸ்லோவாக்கியா சுதந்திர நாடாயிற்று.

சுதந்திரம் வந்த பிறகு கோமாளி மட்டும் போதவில்லை. 1920-ல் ஸ்கூபாவின் யோசனைப்படி காரெல் நோசெக் என்ற சிற்பி ஸ்பேபல் என்ற பொம்மையைச் செதுக்கித் தந்தார். வழுக்கைத் தலை, விடைத்த காதுகள், கனவானுக்குரிய வால்கோட்டு, காலில் மட்டும் குடியானவனின் மரச்செருப்பு! எல்லாம் தெரிந்தவர் போலப் பேசுவார், ஒன்றும் தெரியாது. 1926-ல் காரெலின் மருமகன் குஸ்டாவ் நோசெக் அதே சாயலில் ஒரு சிறுவனைச் செதுக்கினார். அவன்தான் ஹுர்வீனெக், ஸ்பேபலின் மகன். கயிறு இழுக்க மற்றவர்கள் துணை நின்றாலும், தகப்பனின் கட்டைக் குரலும் பிள்ளையின் கீச்சுக் குரலும் ஸ்கூபா ஒருவரிடமிருந்தே வந்தன.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நமக்குள்ளும் இந்த இருவர் இருக்கிறார்கள். ஊருக்குப் பயந்து சமாதானம் சொல்லிக்கொண்டே இருப்பவர் ஒருவர்; 'ஏன்?' என்று விடாமல் அரிப்பவன் இன்னொருவன். பெரும்பாலோர் இரண்டாமவனைச் சின்ன வயசிலேயே அடக்கிவிடுகிறோம். ஸ்கூபா அவனுக்கு ஓர் உடம்பு கொடுத்து வெளிச்சத்தில் நிறுத்தினார்.

1939 மார்ச் 15-ந் தேதி ஹிட்லரின் படைகள் செக் நாட்டுக்குள் புகுந்தன. நவம்பரில் சர்வகலாசாலைகளை மூடினார்கள். மாணவத் தலைவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்நிய ரேடியோவைக் கேட்டாலே மரண தண்டனை வரும் என்றார்கள். 1942-ல் லிதித்ஸே என்ற கிராமத்தையே தரைமட்டமாக்கி, ஆண்களைச் சுட்டு, 82 குழந்தைகளை விஷவாயுவால் கொன்றார்கள். பில்சன் ஆலை இப்போது ஜெர்மனிக்காக ஆயுதம் செய்தது.

இந்த இருட்டில் ஸ்கூபா தகப்பனையும் பிள்ளையையும் பெட்டியில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பழைய கொபெட்ஸ்கி போன வழிதான். அவர் போட்ட நாடகங்களில் ஒன்றின் பெயர் 'நாளைய தினம் வாழ்க' என்பது. இன்றைய தினம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தபோது, இந்தப் பெயருக்கு வியாக்கியானம் தேவையா? தணிக்கை அதிகாரி தாளில் உள்ள வசனத்தைப் படிக்கலாம். வசனத்துக்கு நடுவே பிள்ளை ஒரு கணம் பேச்சை நிறுத்தி, கண்ணை உருட்டி, தகப்பனைப் பார்ப்பதை அவன் எந்தத் தாளில் அடிக்க முடியும்? குழந்தை கேட்கும் கேள்வியில் குற்றம் காண முயன்றால், குற்றம் காண்கிறவனே அதன் உட்பொருளை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஆனால் இந்தத் தந்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு. பொம்மைக்கு உயிர் பயம் இல்லை. குரல் கொடுப்பவனுக்கு உண்டு. 1944 ஜனவரியில் கெஸ்டபோ ஸ்கூபாவைக் கைது செய்தது. அரங்கைப் பூட்டினார்கள். அவரை ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துச் சிறையில் அடைத்தார்கள்.

1945 பிப்ரவரி 13-ந் தேதி இரவு பிரிட்டிஷ் விமானங்கள் டிரெஸ்டன் மீது குண்டுமாரி பொழிந்தன. மறுநாள் அமெரிக்க விமானங்கள் வந்தன. சுமார் 25,000 பேர் மாண்டார்கள். சிறையும் எரிந்தது. அந்தக் குழப்பத்தில் ஸ்கூபா தப்பி வெளியேறி ஊர் வந்து சேர்ந்தார். அவரைக் காப்பாற்றிய அதே தீயில் நிலவறைகளுக்குள் வெந்து போனவர்களில் ஜெர்மன் குழந்தைகளும் இருந்தார்கள். இந்த இடத்தில் சரித்திரக்காரர்கள் கணக்குப் பேசுவார்கள்: யார் முதலில் தொடங்கினார்கள், எது எதற்குப் பதில் என்று. ஹுர்வீனெக் அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு இன்னொரு கேள்வி கேட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்பேபல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச்சை மாற்றியிருப்பார்.

யுத்தம் முடிந்ததும் ஸ்கூபா பிராகு நகரில் அரங்கைத் திறந்தார். 1957-ல் காலமானார். பில்சனில் அவரிடம் சித்திரம் கற்ற மாணவர் யீர்ஷி த்ருங்கா. பின்னாளில் பொம்மைப் படங்களால் உலகப் புகழ் பெற்றவர். அவர் 1965-ல் 'கை' என்றொரு படம் எடுத்தார். பூந்தொட்டி வனைந்துகொண்டிருக்கும் ஓர் எளிய பொம்மையை ஒரு ராட்சதக் கை மிரட்டி, தன் உருவத்தையே சிலை செய்யச் சொல்லுகிறது. படத்தில் ஒரு வசனம் கூடக் கிடையாது. இருந்தும் த்ருங்கா இறந்த பிறகு சர்க்கார் அதைத் தடை செய்தது. எஜமானர்கள் மாறினாலும் பயம் மாறவில்லை.

ஸ்கூபா தம் இரண்டு குரல்களையும் மிலோஷ் கிர்ஷ்னர் என்ற இளைஞருக்கு ஒப்படைத்துவிட்டுப் போனார். கிர்ஷ்னர் 1996-ல் இறக்கும் வரை தகப்பனுக்கும் பிள்ளைக்கும் தாமே பேசினார். பல பாஷைகளில் பேசினார். பிராகில் அந்த அரங்கு இன்றும் நடக்கிறது. சாம்ராஜ்யங்கள் நூற்றாண்டுக் கணக்கில் போட்ட திட்டங்கள் போன இடம் தெரியவில்லை. 1926-ல் செதுக்கிய சிறுவன் மட்டும் இன்னும் அரை நிஜாருடன் நின்று, அப்பாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறான்.